காலைக்கடன் மாறும்பொழுது

கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகளைக் கழித்துவிட்டு, தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாகக் கரோல் பாகுக்கு வந்து சேர்ந்த அந்நாளைய தமிழ்க் குமாஸ்தாவுக்கு, ஹிந்தி தெரியாமையும் டிசம்பர் மாதத்துக் குளிரும் கொடுத்த தொல்லைகளோடு, வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள முடியாத தொல்லை ஒன்றும் சேர்ந்திருந்தது: ஊரில் இருந்தபடி அவருடைய வயிறு டில்லியில் இருக்கவில்லை. புழுங்கலரிசிச் சோற்றுக்கும் மோருக்கும் பழகிய குடலுக்கு இங்கே ரொட்டியும் காய்ச்சிய பாலும் வாய்த்தன. குளிரில் தாகம் எடுக்காமையால் குடிக்கும் தண்ணீர் குறைந்தது. பல குடித்தனங்களுக்குப் பொதுவான ஒரே கழிப்பிடத்தின் வாசலில் முறை வைத்து நிற்க நேர்ந்ததனால், வந்த உணர்ச்சியை அடக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடுவதும் பழக்கமாயிற்று. சிலருக்கு வயிறு இறுகிற்று, சிலருக்கு இளகிற்று. "தண்ணி ஒத்துக்கல்லே" என்ற ஒரே வாக்கியத்தில் அதனை அடக்கிவிட்டு, ஊருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் எல்லாரும் "க்ஷேமம்" என்றே எழுதினார்கள்.

இந்த மௌனத்தைப்பற்றித்தான் எனக்குக் கவலை. ஜலதோஷத்தைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் திண்ணையிலும் பஸ்ஸிலும் தயங்காமல் பேசுகிற நாம், தினந்தோறும் நிகழும் ஒரு சரீர காரியத்தைப் பற்றி வைத்தியரிடங்கூடப் பாதியை மென்று விழுங்கிவிட்டுப் பாதியையே சொல்லுகிறோம். ஆனால் குடலின் பழக்கத்தில் உண்டாகும் மாறுதல்களுள் பெரும்பாலானவை ஆகாரத்தாலும் பிரயாணத்தாலும் வந்து தாமாகவே போய்விடுகிறவை என்பதும், சில மாத்திரம் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் வியாதியின் முதல் அடையாளங்கள் என்பதும், இவ்விரண்டையும் பிரித்தறிவது சாமானியராலும் இயலும் என்பதும் ஒவ்வொரு குடும்பத்திலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள்.

முதலில் குடல் செய்யும் வேலையைப் பார்ப்போம். நாம் ஒரு நாளில் உண்பதும் பருகுவதுமாக உட்கொள்ளும் நீர் ஏறக்குறைய 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் முதலியனவாகச் சரீரமே சுரந்து அதனுடன் சேர்ப்பது இன்னும் 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சி இரத்தத்துக்குத் திருப்பிவிட, எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவு, சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலுக்குள் புகுகிறது. அங்கே அது மெல்ல நகரும்பொழுது மேலும் நீர் இழந்து, கடைசியில் 100 அல்லது 200 மில்லி லிட்டர் நீரே மலத்தோடு வெளியேறுகிறது. ஆகையால் மலம் வேகமாக நகர்ந்தால் நீர் உறிஞ்சப்படாமல் பேதியாகிறது. தேங்கி நின்றால் அளவுக்கு மேல் உறிஞ்சப்பட்டுக் கல்லாகிறது. மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் தனித்தனிப் பகைவர்களைப்போலத் தோன்றினாலும், வேகமும் நீரும் ஆகிய ஒரே தராசின் இரண்டு தட்டுகளே அவை.

உணவு இரைப்பையில் விழுந்தவுடன் பெருங்குடல் விழித்துக்கொண்டு தன்னிடமுள்ளதை முன்னே தள்ளுவது இயற்கை. இரவெல்லாம் அடங்கியிருந்த குடலில் இந்த விழிப்பு காலையில் மிகுதியாக இருப்பதனால்தான், ஒரு டம்ளர் காப்பி உள்ளே போனதும் பலருக்குக் கழிப்பிடத்தின் நினைவு வருகிறது. காலைக்கடன் என்று நம்மவர் இட்ட பெயரில் இந்த சாஸ்திர உண்மை அடங்கியிருக்கிறது. செலுத்தவேண்டிய வேளையில் செலுத்தாமல் நாள்தோறும் தள்ளிப்போட்டால், மலக்குடல் தன் அறிவிப்பை மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டுவிடும்.

எத்தனை முறை போனால் ஆரோக்கியம் என்று கேட்பவர்களுக்கு வைத்திய சாஸ்திரம் தரும் விடை மிகவும் தாராளமானது: நாளுக்கு மூன்று முறை என்பது முதல் வாரத்துக்கு மூன்று முறை என்பது வரையில் எதுவும் இயல்பாக இருக்கலாம். ஆயினும் இந்தக் கணக்கு மேல்நாட்டாரை வைத்துப் போடப்பட்டது. 1975-ஆம் ஆண்டில் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, வட இந்தியர்களின் ஒரு நாளைய மலத்தின் சராசரி எடை 311 கிராம் என்று கண்டது. அதே காலத்தில் ஆங்கிலேயர்களிடம் காணப்பட்ட அளவோ 100 கிராமைச் சற்றே ஒட்டியது. தானியமும் பருப்பும் காய்கறியும் நார்ச்சத்தை நிறையக் கொடுக்கும் நம் நாட்டில், வாரத்துக்கு மூன்றே முறை போகும் ஒருவர் தமக்குச் சிக்கல் என்று வருந்தினால், அதனை வீண் கவலை என்று தள்ளிவிடலாகாது. அதனால்தான் எண்ணிக்கையைவிட உருவம் நம்பத்தகுந்த சாட்சியாகிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து வைத்தியர்கள் 1997-இல் வெளியிட்ட அட்டவணை மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. ஆட்டுப் புழுக்கை போன்ற உருண்டைகள் முதல் வகை, வாழைப்பழம் போல் வழவழப்பாக இறங்குவது நான்காம் வகை, வெறுந்தண்ணீராகப் போவது ஏழாம் வகை. மூன்றும் நான்கும் நலம். இவற்றிலிருந்து இரு திசைகளிலும் விலக விலக, குடலின் வேகம் கெட்டிருக்கிறது என்று பொருள்.

ஆயினும் இந்த அட்டவணையைவிட முக்கியமான அளவுகோல் ஒன்றுண்டு. அது உங்கள் பழைய வழக்கமே. பத்து வருஷங்களாக இரண்டு நாளைக்கு ஒருமுறை போய்ச் சௌகரியமாக இருப்பவருக்கு அதுவே கிரமம். தினம் ஒருமுறை போய்வந்த ஒருவர் ஒரு மாதமாக நான்கு முறை போகிறாரென்றால், அட்டவணையில் எந்த வகையாக இருந்தாலும் அது மாறுதல். பக்கத்து வீட்டாரின் வயிற்றோடு நம் வயிற்றை ஒப்பிடுவதில் பயனில்லை. சென்ற வருஷத்து நம் வயிற்றோடு ஒப்பிடுவதே அறிவு.

இனி நம் கரோல் பாக் குமாஸ்தாவின் பால் டம்ளருக்கு வருவோம். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைப் பிளப்பதற்குச் சிறுகுடலில் லாக்டேஸ் என்னும் ஒரு சுரப்பு வேண்டும். குழந்தைப் பருவத்தில் எல்லாரிடமும் இருக்கும் அது, வளர்ந்தபின் சில ஜனக்கூட்டங்களில் நிலைத்தும் சிலவற்றில் மறைந்தும் போகிறது. 1981-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், டில்லியில் பரீக்ஷிக்கப்பட்டவர்களுள் நால்வரில் ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலும் பரீக்ஷிக்கப்பட்டவர்களுள் மூவரில் இருவருக்கும் பால் சர்க்கரை ஜீரணமாகவில்லை என்று தெரியவந்தது. தென்னாட்டவர் ஒருவர் பஞ்சாபி நண்பரைப் பார்த்துப் பெரிய டம்ளரில் பால் குடிக்கத் தொடங்கினால், ஜீரணமாகாத சர்க்கரை பெருங்குடலுக்கு இறங்கி, அங்கே கிருமிகளால் புளித்து, வாயுவும் உப்புசமும் இளக்கமுமாக வெளிப்படுவது இதனால்தான். உறைகுத்திய கிருமிகள் தயிரிலுள்ள சர்க்கரையில் ஒரு பங்கை முன்னமேயே தின்றுவிடுவதனால், பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்குத் தயிர்சாதம் ஒத்துக்கொள்ளுகிறது. இப்படி ஏற்படும் மாறுதலுக்கு வைத்தியர்கூட அவசியமில்லை. இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்த்தால் குடலே விடை சொல்லிவிடும்.

கோதுமையின் கதை இதைவிட ஆழமானது. சீலியாக் என்னும் வியாதி உடையவர்களுக்குக் கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலின் உட்சுவரையே அரித்துவிடுகிறது. இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில் ஹாலந்து தேசம் ரொட்டிக்குத் தவித்தபொழுது, நாடே பட்டினி கிடந்தும் இந்த வியாதிக் குழந்தைகள் மாத்திரம் தேறியதைத் தம் பழைய சந்தேகத்துக்குச் சான்றாகக் கொண்ட வில்லெம் டிக்கே என்னும் குழந்தை வைத்தியர், 1950-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டுக் கோதுமையே குற்றவாளி என்று நிலைநாட்டினார். நம் நாட்டில் 2016-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆராய்ச்சி, ஹரியானாவிலும் அஸ்ஸாமிலும் வேலூர்ப் பகுதியிலும் மக்களைச் சோதித்து, வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும் தெற்கே ஆயிரத்துக்கு ஒருவராகவும் இந்த வியாதியைச் சுட்டும் அடையாளம் இரத்தத்தில் இருப்பதைக் கண்டது. இவ்வியாதிக்கு இடங்கொடுக்கும் பரம்பரை அமைப்பு எல்லாப் பகுதியினரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. வேற்றுமை தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை உண்ண, தெற்கே உண்டது 25 கிராமே. சோற்றை விட்டு ரொட்டிக்கு மாறிய குடும்பத்தில், குழந்தை வளராமல் சோகை பிடித்து ஓயாமல் வயிறு போய்க்கொண்டிருந்தால், "டில்லித் தண்ணீர்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் இதனை நினைத்துப் பார்க்கவேண்டும். ஓர் எச்சரிக்கையும் உண்டு: பாலைப்போல இதனை வீட்டிலேயே நிறுத்திப் பார்க்கலாகாது, கோதுமையை நிறுத்திவிட்டபின் செய்யும் இரத்தப் பரீக்ஷை பொய் சொல்லக்கூடுமாகையால், உண்டுகொண்டிருக்கும்போதே பரீக்ஷித்துக்கொள்ளவேண்டும்.

தண்ணீரின்மேல் நம்மவர் சாட்டிய பழி முழுவதும் அநியாயமன்று. 1955-ஆம் வருஷக் கடைசியில் யமுனையின் போக்கு மாறி, நஜப்கர் சாக்கடை நீர் வஜீராபாத் நீரேற்று நிலையத்தின் வாயிலுக்கே பின்னோக்கி வந்தது. அதிகாரிகள் குளோரினை அதிகப்படுத்தினார்கள். பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அடங்கின. ஆனால் அதைவிடச் சிறிய ஒரு வைரஸ் தப்பிப் புகுந்து, சில வாரங்களுக்குப் பின் சுமார் 29,000 பேரை மஞ்சள் காமாலையில் வீழ்த்தியது. பிற்காலத்தில் ஹெபடைடிஸ் ஈ என்று பெயர் பெற்றது அதுவே. மலத்துக்கு மஞ்சளும் பழுப்புமான நிறத்தைக் கொடுப்பது பித்தம். ஆகவே மலம் களிமண் போல் வெளுத்து, சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளித்தால், கோளாறு குடலில் இல்லை, ஈரலிலோ பித்தக்குழாயிலோ என்று அறிந்து வைத்தியரிடம் போகவேண்டும்.

திடீரென்று வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் தானே நிற்கும். அதில் மனிதரைக் கொல்வது கிருமியைவிட நீரிழப்பே என்பதை உலகுக்குச் செய்து காட்டியவர் ஓர் இந்தியர். 1971-இல் வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஊசி வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபொழுது, திலீப் மஹலனபிஸ் என்ற வைத்தியர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியாகவே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதை எட்டிய மரணம் நான்குக்கும் கீழே இறங்கிற்று. குடலில் சர்க்கரை உறிஞ்சப்படும்போது உப்பையும் நீரையும் கூட இழுத்துச் செல்வதே அதன் ரகசியம். இன்று எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த முகாமின் கொடை. அதனைக் கொடுத்தும் குழந்தை சோர்ந்து கண் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, காய்ச்சலோடு சீதமும் இரத்தமும் கலந்து போனாலோ, மூன்று நாளாகியும் நிற்காவிட்டாலோ தாமதிக்கலாகாது.

உண்ணும் மருந்துகளும் குடலை மாற்றும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கி இறுகச் செய்கிறது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் இளக்குகிறது. நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் குடலில் வாழும் நல்ல கிருமிகளையும் அழித்துப் பேதியை உண்டாக்கலாம். பீட்ரூட் உண்ட மறுநாள் கழிப்பிடம் சிவந்து நம்மைப் பயமுறுத்தலாம். சிக்கலுக்கு விளக்கெண்ணெயும், திருநெல்வேலியிலிருந்து உலகமெங்கும் கப்பலேறிய நிலாவாரையும் நம் பாட்டிமார் கண்ட மருந்துகள். அவை குடலைத் தூண்டி விரட்டுகிறவை. குஜராத்தில் விளையும் இசப்கோல் உமியோ நீரை ஏந்தி மலத்துக்குப் பருமன் கொடுப்பது. ஆகவே நாள்பட்ட சிக்கலுக்குப் போதிய தண்ணீரோடு உட்கொள்ள அது உத்தமம். எனினும் பேதிமருந்து இல்லாமல் நாள் நகராது என்ற நிலை புதிதாக வந்திருந்தால், மருந்தை மாற்றுவதற்குமுன் காரணத்தைத் தேடவேண்டும்.

இப்பொழுது இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். டில்லிக்குள் ரயில் நுழையும்பொழுது இருப்புப்பாதையோரச் சுவர்களில் பெரிய எழுத்துக்களில் கண்ணிற்படும் விளம்பரங்களில், மூலத்துக்கும் பவுத்திரத்துக்கும் ஆபரேஷனில்லாமல் குணம் என்பது ஒன்று. மலத்தோடு இரத்தம் போனால் அது மூலந்தான் என்று நிச்சயித்துக்கொள்ள இந்த தேசத்தில் எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும் என்பதுந்தான் இதிலுள்ள அபாயம். பெருங்குடற் புற்றுநோய் நம் நாட்டில் மேல்நாடுகளைவிடக் குறைவு. ஆனால் இங்கே அந்நோய்க்கு ஆளாகிறவர்களுள் நாற்பதைக்கூடத் தாண்டாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பலர் வருஷக்கணக்கில் மூலத்துக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்துவிட்டுக் காலங்கடந்து வருகிறார்கள். குடலின் உட்சுவரில் பாலிப் என்னும் சிறிய சதை மொட்டு தோன்றி, அது புற்றாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்து வருஷங்களாவது செல்லும். விளக்குப் பொருத்திய வளையும் குழாயை உட்செலுத்திப் பார்க்கும் கொலோனாஸ்கோபி என்ற பரீக்ஷையிலேயே அம்மொட்டைக் கிள்ளி எறிந்துவிடலாம். இத்தனை அவகாசம் கொடுக்கும் ஒரு வியாதிக்கு, வெட்கத்தினால் அவகாசமில்லாமற் செய்துவிடுவது எவ்வளவு பரிதாபம்!

இந்தப் புற்று எவ்விதம் தன்னை அறிவிக்கும் என்பது அது வளரும் இடத்தைப் பொறுத்தது. வயிற்றின் வலப்பக்கத்தில் பெருங்குடல் அகலமானது, அதனுள்ளிருப்பதும் கூழாக இருப்பது. அங்கே வளரும் கட்டி வழியை அடைக்காமல் கண்ணுக்குத் தெரியாதபடி சிறிது சிறிதாக இரத்தத்தைக் கசியவிட, நோயாளி களைப்பும் சோகையுமாக மாத்திரம் வருகிறார். இடப்பக்கத்தில் குழாய் குறுகியது, மலமும் கெட்டியானது. அங்கே அடைப்பு முதலில் சிக்கலாகவும், பின்பு சிக்கலும் பேதியும் மாறி மாறி வருவதாகவும் தெரிகிறது. மலக்குடலில் இருந்தால், போய்வந்த பின்னும் முழுதும் கழியவில்லை என்ற உணர்ச்சி ஓயாமல் உறுத்தும். நம் நாட்டில் இதே வேஷத்தில் குடற் காசநோயும் வரும் என்பதையும், மாலைக் காய்ச்சலும் மெலிவும் வலக் கீழ்வயிற்றில் வலியும் அதன் துணைகள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆகவே நினைவில் வைக்கவேண்டியவை இவை. காரணம் தெரியாமல் குடலின் பழக்கம் மாறி மூன்று வாரத்துக்குமேல் நிலைத்தால் வைத்தியரைப் பாருங்கள். எந்த வயதிலும் மலத்தில் இரத்தம் கண்டால், முயற்சி செய்யாமலே எடை குறைந்தால், சோகை இருந்தால், தூக்கத்திலிருந்து எழுப்பிப் பேதி போனால், தாய் தந்தையர் அல்லது உடன்பிறந்தார் எவருக்கேனும் குடற் புற்று வந்திருந்தால், மூன்று வாரம் காத்திருக்கவும் வேண்டா. மனக்கவலையோடு கூடிவரும் ஐ.பி.எஸ். என்ற குடல் உபாதை பலரை வருஷக்கணக்கில் வாட்டினாலும், அது பெரும்பாலும் உறங்குபவரை எழுப்புவதில்லை, இரத்தம் சிந்துவதில்லை, எடையைத் தின்பதில்லை. மலமும் வாயுவும் அறவே நின்று, வயிறு உப்பி, வாந்தி எடுத்தால் குடல் அடைபட்டிருக்கலாம். தார்போல் கறுத்துப் பிசுபிசுத்துத் துர்நாற்றத்தோடு போனால் இரைப்பைப் பக்கத்தில் இரத்தம் கொட்டுகிறதென்று பொருள். இவ்விரண்டுக்கும் விடியும்வரை காத்திராமல் அந்த மணியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

போகும்பொழுது சொல்லவேண்டியதைச் சொல்லக் கற்றுக்கொள்ளுவோம். எப்பொழுதிலிருந்து மாறிற்று, முன்பு எத்தனை முறை, இப்பொழுது எத்தனை முறை, உருவம் என்ன, நிறம் என்ன, இரத்தம் மலத்தோடு கலந்ததா அல்லது பின்னால் சொட்டியதா, என்ன மருந்துகள் உண்கிறோம் என்பவற்றை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு போனால், பாதி நோய் நிதானம் அக்காகிதத்திலேயே முடிந்துவிடும். வீட்டுப் பெண்டிர் இவ்விஷயத்தில் ஆண்களினும் அதிகமாக மௌனம் காப்பதனால், அவர்களைக் கேட்டறிவதும் துணைக்குப் போவதும் வீட்டாரின் கடமை.

இப்படிப் பேசுவது புதிய நாகரிகமன்று. கரோல் பாகின் பெரிய கடைவீதி எவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த ஹகீம் அஜ்மல்கான் அங்கே நிறுவிய திபியா கல்லூரியை, 1921-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் தேதி காந்தியடிகள் திறந்துவைத்தார். அங்கே கற்பிக்கப்படும் யுனானி முறையில் நாடியையும் சிறுநீரையும் போலவே மலத்தையும் பார்த்து நோயை அறிவது விதி. அந்தக் குமாஸ்தா ஊரில் விட்டுவந்த சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்விலும் மலம் ஓர் அங்கம். ஊர் வைத்தியரும் டில்லி ஹகீமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். இன்று வைத்தியர் அதே கேள்வியைக் கேட்கும்பொழுது, தலையைக் குனிந்துகொண்டு "பரவாயில்லை" என்று முணுமுணுக்காமல், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.